எதை முதலில் மாற்றுவது? ஹார்மோன் குலைப்பான்களும் குடல் நுண்ணுயிர்களும்: நான்கு வழிகளின் ஒப்பீடு

எண்ணெய் மிதக்கும் உணவைச் சூடாகப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு ஓர் இரவு வைத்திருந்தால், மறுநாள் எவ்வளவு தேய்த்தாலும் அதன் உட்சுவரில் மங்கலான ஒரு நிறம் தங்கிவிடுவதைப் பலரும் பார்த்திருப்போம். அந்தக் கறை மேலே ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. எண்ணெயும் நிறமியும் பிளாஸ்டிக்குக்குள்ளேயே இறங்கியிருக்கின்றன. உணவிலிருந்து பிளாஸ்டிக்குக்குப் போக வழி உண்டென்றால், பிளாஸ்டிக்கில் கலந்திருப்பவை உணவுக்கு வரவும் அதே வழி திறந்துதான் கிடக்கிறது. அப்படி வருபவற்றில் சில, உடலின் ஹார்மோன்களைப் போல நடித்தும் அவற்றின் வேலையைத் தடுத்தும் குழப்பம் விளைவிப்பவை. அமெரிக்க ஆய்வாளர் தியோ கோல்போர்ன் முன்னின்று கூட்டிய 1991ஆம் ஆண்டு விங்ஸ்பிரெட் கூட்டத்தில்தான் இவற்றுக்கு ‘ஹார்மோன் குலைப்பான்கள்’ என்ற பொருள்படும் பெயர் கிடைத்தது. கடினப் பிளாஸ்டிக்கில் வரும் பிஸ்பீனால் ஏ, பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் தாலேட்டுகள், ஒப்பனைப் பொருள்களைக் கெடாமல் வைக்கும் பாராபென்கள், கிருமிநாசினியான டிரைக்ளோசான், ‘என்றும் அழியா வேதிப்பொருள்கள்’ எனப்படும் பி.எஃப்.ஏ.எஸ். குடும்பம் ஆகியவை இவற்றில் நாம் அன்றாடம் எதிர்கொள்பவை.

இவை கருவுறுதலையும் தைராய்டையும் பாதிப்பது பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. குடலில் வாழும் நுண்ணுயிர்களோடு இவற்றுக்கு உள்ள உறவு அவ்வளவாகப் பேசப்படவில்லை. அதைப் பற்றி ஓரளவு படித்த ஒருவர், ‘சரி, நான் என்ன செய்ய வேண்டும்?’ என்று கேட்கும்போது அவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. சமையலறையையும் பொட்டல உணவையும் மாற்றலாம்; சோப்பு, பற்பசை, ஒப்பனைப் பொருள்களை மாற்றலாம்; குடிநீரை வடிகட்டலாம்; எதையும் மாற்றாமல், குடலை வலுப்படுத்துவதாகச் சொல்லி விற்கப்படும், உயிருள்ள பாக்டீரியாக்கள் அடங்கிய புரோபயாடிக் மாத்திரையை விழுங்கலாம். நான்கையும் ஒரே நாளில் செய்துவிட யாருக்கும் நேரமோ பணமோ பொறுமையோ இருப்பதில்லை என்பதால், வரிசை முக்கியமாகிறது.

வரிசையைத் தீர்மானிக்க நான் வைத்துக்கொள்ளும் முதல் அளவுகோல், ஒரு வேதிப்பொருள் உடலில் எவ்வளவு காலம் தங்குகிறது என்பது. உடலில் உள்ள பிஸ்பீனால் ஏ பாதியாகக் குறையச் சுமார் 6 மணி நேரம் போதும்; புதிதாக எதுவும் உள்ளே வராவிட்டால் ஒரே நாளில் அது பதினாறில் ஒரு பங்காகிவிடும். தாலேட்டுகளும் ஏறத்தாழ அப்படியே. ஆனால் பி.எஃப்.ஏ.எஸ். குடும்பத்தைச் சேர்ந்த பி.எஃப்.ஓ.ஏ., பி.எஃப்.ஓ.எஸ். ஆகியவை பாதியாகக் குறையவே சில ஆண்டுகள் ஆகும். முன்னது தினமும் வந்து தினமும் போகும் விருந்தாளி. பின்னது ஒருமுறை வந்தால் கிளம்பாத குடித்தனக்காரர். இரண்டையும் ‘நச்சு’ என்ற ஒரே சொல்லால் சுட்டி, இரண்டுக்கும் ஒரே தீர்வைப் பரிந்துரைக்கும் பட்டியல்களில்தான் குழப்பமே தொடங்குகிறது.

இரண்டாவது அளவுகோல் குடலுக்குள் நடப்பது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பிஸ்பீனால் ஏ, டிரைக்ளோசான் போன்றவை உடலுக்குள் வந்ததும், கல்லீரல் அவற்றோடு குளூக்குரோனிக் அமிலம் என்ற சர்க்கரை வழிப்பொருள் ஒன்றைக் கோத்துவிடுகிறது. கோத்தபின் அவை நீரில் எளிதில் கரையும், பெரும்பாலும் வீரியம் இழந்துவிடும், சிறுநீர் வழியாகவோ பித்தநீர் வழியாகவோ வெளியேற்றத்துக்குத் தயாராகிவிடும். பூட்டுப் போட்டு அனுப்பப்பட்ட பெட்டி என்று வைத்துக்கொள்ளலாம். பித்தநீர் வழியாகக் குடலுக்கு வரும் பெட்டிகளின் பூட்டைத் திறக்கும் சாவி குடல் பாக்டீரியாக்கள் பலவற்றிடம் இருக்கிறது. பீட்டா-குளூக்குரோனிடேஸ் என்ற அந்த நொதி சர்க்கரைப் பகுதியைக் கழற்றிவிடுவதால், செயலிழந்த வேதிப்பொருள் குடலிலேயே மீண்டும் உயிர்பெறுகிறது. சில வேளைகளில் குடற்சுவர் வழியாக இரத்தத்துக்குத் திரும்பவும் செய்கிறது. உடலின் சொந்த ஈஸ்ட்ரோஜனையும் இதே பாக்டீரியாக்கள் இதே முறையில் திரும்ப அனுப்புகின்றன என்பதால், ஒருவரின் குடல் நுண்ணுயிர்கள் அவருடைய ஹார்மோன் அளவிலேயே கைவைக்கக்கூடியவை.

இது வெறும் ஊகமன்று. 2018இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குறைந்த அளவு டிரைக்ளோசானை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் பெருங்குடலில் அழற்சி கூடியது, நுண்ணுயிர்களின் கலவையும் மாறியது. ஆனால் நுண்ணுயிர்களே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளில் அந்த அழற்சி தோன்றவில்லை. குற்றவாளி டிரைக்ளோசான் என்றாலும், உள்ளிருந்து கதவைத் திறந்துவிட்டவை பாக்டீரியாக்கள். 2022இல் வெளியான தொடர் ஆய்வு அந்தச் சாவி மேலே சொன்ன நொதிதான் என்பதைக் காட்டியது. ஆக, இந்த உறவு இருபுறமும் ஓடுவது: வேதிப்பொருள் நுண்ணுயிர்களின் கலவையை மாற்றுகிறது, நுண்ணுயிர்கள் வேதிப்பொருளின் வீரியத்தை மாற்றுகின்றன. குடற்சுவரைப் பாதுகாக்கும் பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களைத் தயாரிக்கும் பாக்டீரியாக்கள் குறைந்தால், குடலோடு நிற்காமல் சர்க்கரை, கொழுப்பு வளர்சிதை மாற்றமும் எதிர்ப்பு ஆற்றலும் பாதிக்கப்படுவது விலங்கு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. மனிதர்களிடம் கிடைத்திருப்பவை பெரும்பாலும் தொடர்புகளே. இது இருப்பவரிடம் அதுவும் காணப்படுகிறது என்ற அளவில் நிற்பவை. அந்த வேறுபாட்டை மறந்துவிட்டு முடிவெடுக்கக் கூடாது.

மூன்றாவது அளவுகோல் எளியது: மாற்றிப் பார்த்த மனிதர்களின் உடலில் அளவு உண்மையிலேயே குறைந்ததா?

சமையலறையை எடுத்துக்கொண்டால், இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான பதில்கள் கிடைக்கின்றன. 2011இல் அமெரிக்காவில் 5 குடும்பங்களைச் சேர்ந்த 20 பேருக்கு, டப்பாவிலும் பிளாஸ்டிக்கிலும் அடைக்கப்படாத புதிய உணவை மட்டும் மூன்று நாள் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரில் பிஸ்பீனால் ஏ சராசரியாக 66 விழுக்காடு குறைந்தது, டி.ஈ.ஹெச்.பி. என்ற தாலேட்டின் சிதைவுப் பொருள்களும் பாதிக்கு மேல் சரிந்தன. அதே ஆண்டு ஹார்வர்டு ஆய்வாளர்கள் எதிர்த்திசையில் ஒரு சோதனை செய்தார்கள்: தகர டப்பாவில் அடைத்த சூப்பை நாளுக்கு ஒரு கிண்ணம் வீதம் ஐந்து நாள் குடித்தவர்களின் சிறுநீரில் பிஸ்பீனால் ஏ, புதிதாகச் செய்த சூப்பைக் குடித்த நாள்களைவிட 1,000 விழுக்காட்டுக்கும் மேல் அதிகமாக இருந்தது. டப்பாவின் தகரம் துருப்பிடிக்காதிருக்க உட்புறம் பூசப்படும் எப்பாக்ஸிப் பூச்சுதான் அதன் ஊற்று. பாலிகார்பனேட் என்ற கடினப் பிளாஸ்டிக் புட்டியில் கொதிநீரை ஊற்றினால், குளிர்ந்த நீரில் கசிவதைவிட 55 மடங்குவரை வேகமாகப் பிஸ்பீனால் ஏ கசியும் என்று சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2008இலேயே சொல்லியிருந்தது.

ஆனாலும் இந்த வழிக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 2013இல் வெளியான சியாட்டில் ஆய்வொன்றில், பிளாஸ்டிக் தொடாமல் சமைத்த உணவை ஒரு பிரிவுக் குடும்பங்களுக்கு ஐந்து நாள் வழங்கினார்கள். தாலேட்டு குறையும் என்று காத்திருந்தவர்களுக்கு, அது 20 மடங்குக்கும் மேல் ஏறியிருந்தது தெரிந்தது. தேடிப் பார்த்ததில், சமையலில் சேர்த்த கொத்தமல்லித் தூளிலும் பாலிலும் டி.ஈ.ஹெச்.பி. மிகுந்திருந்தது. வீட்டில் என்ன பாத்திரம் இருந்தாலும், பொருள் வீடு வந்து சேரும்வரை எத்தனை குழாய்கள், உருளைகள், பைகள் வழியாக வந்தது என்பது நம் கையில் இல்லை. எனவே சமையலறையை மாற்றுவது என்பதை ‘கண்ணாடிச் சாடி வாங்குவது’ என்று சுருக்கிக்கொள்பவர்கள் பாதி வேலையைத்தான் செய்கிறார்கள். பொட்டலம் எவ்வளவு குறைகிறது, பதப்படுத்தும் படிகள் எவ்வளவு குறைகின்றன என்பதே மறுபாதி.

பாத்திரங்களுக்குள்ளேயே ஓர் ஒப்பீடு தேவைப்படுகிறது. கண்ணாடியும் துருப்பிடிக்காத எஃகும் இந்த விஷயத்தில் ஏறத்தாழச் சமம். கண்ணாடி உடையும், எஃகை மைக்ரோவேவ் அடுப்பில் வைக்க முடியாது என்பவையே வேறுபாடுகள். ‘பி.பி.ஏ. இல்லாதது’ என்று அச்சிட்ட பிளாஸ்டிக் மூன்றாம் தேர்வுகூட ஆகாது. பிஸ்பீனால் ஏ நீக்கப்பட்ட இடங்கள் பலவற்றில் பிஸ்பீனால் எஸ், பிஸ்பீனால் எஃப் என்ற உறவினர்கள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். அவற்றின் ஹார்மோன் செயல்பாடும் ஏறத்தாழ அதே அளவுதான் என்று 2015இல் வந்த ஒரு மீளாய்வு தொகுத்துக் காட்டியது. பெயர்ப்பலகையை மாற்றினால் கடை மாறிவிடாது. எல்லாப் பிளாஸ்டிக்கையும் தூக்கி எறியவும் வேண்டியதில்லை. சூடு, எண்ணெய், நேரம், கீறல் ஆகிய நான்கும் சேரும் இடத்தில்தான் கசிவு மிகும். உலர்ந்த தானியம் வைத்திருக்கும் டப்பாவைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன்.

எவ்வளவு குறைந்த அளவுவரை கவலைப்பட வேண்டும் என்பதில் வல்லுநர்களே ஒத்துப்போவதில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் பிஸ்பீனால் ஏக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 4 மைக்ரோகிராம் என்று தற்காலிகமாக வகுத்திருந்த எல்லையை, 2023இல் 0.2 நானோகிராமாகக் குறைத்தது. இது 20,000 மடங்கு குறைப்பு. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் இதை ஏற்காமல், 200 நானோகிராம் போதும் என்றது. இரண்டு எண்களுக்கும் இடையில் 1,000 மடங்கு இடைவெளி இருக்கிறது. ஆயினும் ஐரோப்பிய ஒன்றியம் 2024இன் இறுதியில் உணவோடு தொடர்புபடும் பொருள்களில் பிஸ்பீனால் ஏக்குத் தடை விதித்துவிட்டது. சர்ச்சை தீரும்வரை காத்திருக்க நினைப்பவர்கள், சட்டம் எழுதுபவர்களே காத்திருக்கவில்லை என்பதைக் கவனிக்கலாம்.

குளியலறைப் பக்கம் வந்தால் கணக்கு வேறு. கலிஃபோர்னியாவில் 100 வளரிளம் பெண்கள் மூன்று நாள் மட்டும் தாலேட்டு, பாராபென், டிரைக்ளோசான் இல்லாத பொருள்களைப் பயன்படுத்திய ஆய்வு 2016இல் வெளியானது. மெத்தில் பாராபென் 44 விழுக்காடும், டிரைக்ளோசான் 36 விழுக்காடும், வாசனைப் பொருள்களில் வரும் தாலேட்டின் சிதைவுப் பொருள் 27 விழுக்காடும் குறைந்தன. அதே ஆண்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் டிரைக்ளோசானையும் வேறு 18 பொருள்களையும் வீட்டு உபயோகக் கிருமிநாசினிச் சோப்புகளிலிருந்து விலக்கியது. வெறும் சோப்பும் தண்ணீரும் செய்வதைவிட அவை கூடுதலாக எதையும் சாதிப்பதாக உற்பத்தியாளர்களால் நிறுவ முடியவில்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. டிரைக்ளோசான் உள்ள பற்பசையையும் சோப்பையும் நான்கு மாதம் பயன்படுத்தியவர்களைப் பார்த்த சிறிய ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், அவர்களுடைய வாய், குடல் நுண்ணுயிர்களில் பெரிய மாற்றம் எதுவும் தென்படவில்லை. எலிக்கு நடந்தது எல்லாம் மனிதருக்கு அப்படியே நடப்பதில்லை என்பதற்கு இதுவே நல்ல எடுத்துக்காட்டு.

அப்படியானால் குளியலறையை விட்டுவிடலாமா? வேண்டியதில்லை, ஏனென்றால் இங்கே மாற்றம் என்பது பெரும்பாலும் வாங்காமல் இருப்பதுதான். ‘கிருமிகளை அழிக்கும்’ என்று விளம்பரப்படுத்தும் பொருளையும் ‘நறுமணம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பல பொருள்களை மறைத்து வைக்கும் பொருளையும் தவிர்த்தால் செலவு கூடாது, குறையும். இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்று ரசீதுத் தாள். பளபளப்பான ரசீதை நகத்தால் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது வெப்பத்தால் எழுத்து தோன்றும் தாள், அதன் பூச்சில் பிஸ்பீனால் ஏ அல்லது எஸ் இருக்க வாய்ப்பு அதிகம். கையில் கிருமிநாசினித் திரவம் தடவிய ஈரத்தோடு அதைப் பிடித்தால் தோல் வழியே உறிஞ்சப்படும் அளவு பல மடங்கு கூடும். எப்போதாவது ரசீது வாங்குபவருக்கு இது சிறு விஷயம். நாள் முழுவதும் ரசீது கிழித்துத் தருபவருக்கு அப்படியல்ல.

மூன்றாவது வழியான தண்ணீரில், நான் மேலே சொன்ன முதல் அளவுகோல் முழு வலிமையோடு வருகிறது. பி.எஃப்.ஏ.எஸ். சேர்மங்கள் இரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொள்கின்றன. சிறுநீரகம் அவற்றை வெளியேற்றாமல் மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. பித்தநீரோடு குடலுக்கு வந்தாலும் பெரும்பகுதி இரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. தடுப்பூசிக்கு உடல் காட்டும் எதிர்ப்பாற்றல் குறைவது, கொழுப்பு அளவு ஏறுவது, குழந்தை எடை குறைந்து பிறப்பது, சிறுநீரகப் புற்றுநோய் ஆகியவற்றோடு இவற்றுக்குள்ள தொடர்புக்குப் போதிய சான்று இருப்பதாக அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2022இல் முடிவு செய்தன. 2023இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை பி.எஃப்.ஓ.ஏ.வைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. குடிநீரில் பி.எஃப்.ஓ.ஏ., பி.எஃப்.ஓ.எஸ். ஒவ்வொன்றும் லிட்டருக்கு 4 நானோகிராமைத் தாண்டக் கூடாது என்று 2024இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விதித்தது.

எந்த வடிகட்டி என்பதில் விளம்பரங்களைவிட 2020இல் வந்த டியூக், வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகங்களின் ஒப்பீட்டை நம்பலாம். எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) முறையில் இயங்குபவை பெரும்பாலான பி.எஃப்.ஏ.எஸ். சேர்மங்களை 90 விழுக்காட்டுக்கு மேல் நீக்கின. கரித்தூள் வடிகட்டிகளின் சராசரி 73 விழுக்காடு, ஆனால் கருவிக்குக் கருவி வேறுபாடு மிகப் பெரியதாக இருந்தது. உள்ளிருக்கும் கரியை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் வடிகட்டியே கழிவுத் தொட்டியாகிவிடும். ஆனால் வாங்குமுன் ஒரு கேள்வி உண்டு: நீங்கள் குடிக்கும் நீரில் பி.எஃப்.ஏ.எஸ். இருக்கிறதா? ரசாயன ஆலை, விமான நிலையம், தீயணைப்பு நுரை பயன்படுத்திய இடம் ஆகியவற்றுக்கு அருகிலுள்ள நீராதாரமென்றால் இந்த வழி மற்ற மூன்றையும் பின்னுக்குத் தள்ளி முதலிடத்துக்கு வந்துவிடும். இல்லையென்றால், பிஸ்பீனாலுக்கும் தாலேட்டுக்கும் முதன்மை வழி உணவாக இருக்கும்போது தண்ணீருக்குப் பெருஞ்செலவு செய்வது வாசலைப் பூட்டாமல் சன்னலுக்குக் கம்பி போடுவதுதான். பி.எஃப்.ஏ.எஸ்.ஸைப் பொறுத்தவரை தாமதம் விலை மிக்கது: இன்று நிறுத்தினாலும் பாதி குறையவே சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதால், ஒவ்வோர் ஆண்டு ஒத்திவைப்பும் பின்னால் நீளமாகத் தொடரும்.

நான்காவது வழி மாத்திரை. இங்கே விளம்பரத்துக்கும் சான்றுக்கும் உள்ள தூரம் மற்ற மூன்றையும்விட அதிகம். எலிகளுக்குக் குறிப்பிட்ட லாக்டோபேசிலஸ், பிஃபிடோபாக்டீரியம் என்ற பாக்டீரியா வகைகளைக் கொடுத்தபோது பிஸ்பீனால் ஏ இரத்தத்தில் குறைந்து மலத்தில் அதிகம் வெளியேறியதை 2008இல் ஜப்பானிய ஆய்வு ஒன்று காட்டியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 2025இல் வெளியிட்டது இன்னும் சுவையானது: மனிதக் குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் பி.எஃப்.ஏ.எஸ். மூலக்கூறுகளைச் சில நிமிடங்களிலேயே தங்கள் உடலுக்குள் திரட்டிக்கொள்கின்றன; அவற்றை எலிகளின் குடலில் குடியேற்றியபோது மலத்தோடு வெளியேறிய அளவு கூடியது. சிறுநீரகமும் குடற்சுவரும் இரத்தத்துக்கே திருப்பி அனுப்பும் ஒன்றை நுண்ணுயிர் பிடித்து வெளியே கொண்டுபோகிறது என்றால், வருங்காலத்தில் அது மருந்தாகவே ஆகலாம். ஆனால் அது இன்றைய மருந்துக்கடை மாத்திரையில் இல்லை. மேலும், இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2018இல் உள்நோக்கிக் கருவி கொண்டு குடலுக்குள்ளேயே பார்த்தபோது, கடையில் கிடைக்கும் வகைப் புரோபயாடிக்குகள் சிலரிடம் தங்கின, சிலரிடம் தங்காமலே போயின; ஆன்டிபயாடிக் எடுத்தபின் அவற்றை விழுங்கியவர்களின் சொந்த நுண்ணுயிர்கள், எதையும் விழுங்காதவர்களுடையதைவிடத் தாமதமாகவே மீண்டன. பூட்டைத் திறக்கும் நொதி பல வகைப் பாக்டீரியாக்களிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ‘நல்ல பாக்டீரியா’ என்று பொத்தாம்பொதுவாக எதையாவது உள்ளே அனுப்புவது எனக்குத் தயக்கமாகவே இருக்கிறது.

மாத்திரைக்குப் பதிலாக, நார்ச்சத்தும் புளிக்கவைத்த உணவும் குடலுக்குச் செய்வது பற்றி ஓரளவு உறுதியாகப் பேசலாம். ஸ்டான்ஃபோர்டில் 36 பேரை வைத்துச் செய்து 2021இல் வெளியான சோதனையில், புளித்த உணவை நிறையச் சேர்த்துக்கொண்டவர்களின் நுண்ணுயிர் வகைகள் பெருகின, அழற்சிக் குறியீடுகள் குறைந்தன. இது ஹார்மோன் குலைப்பான்களை வெளியேற்றும் மருத்துவம் அன்று. வேறு காரணங்களுக்காகவும் செய்யத்தக்கது என்பதால் இதற்குத் தனியாக ஒரு முடிவு தேவையில்லை.

யாருக்கு எது என்பது இவற்றிலிருந்து ஓரளவு தெளிவாகிறது. கருத்தரிக்கத் திட்டமிடுபவர்கள், கருவுற்றவர்கள், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டார் ஆகியோருக்கு என் பரிந்துரை சமையலறைதான், அதுவும் உடனே; குழந்தையின் நுண்ணுயிர்த் தொகுதி உருப்பெறுவது அந்த முதல் ஆண்டுகளில்தான், பலன் கிடைப்பதும் நாள்களில்தான். அவர்களுடைய நீராதாரத்தில் பி.எஃப்.ஏ.எஸ். உறுதியாகியிருந்தால் தண்ணீர் அதற்கும் முன்னால் வர வேண்டும். இரத்தத்தில் திரண்டது பிரசவத்துக்கு முன் தொப்புள்கொடி வழியாகவும் பின்னர் தாய்ப்பால் வழியாகவும் குழந்தைக்குப் போகும் (தாய்ப்பாலை நிறுத்த இது காரணமாகாது). தீயணைப்புப் படையினர் போன்று தொழிலால் பி.எஃப்.ஏ.எஸ். சுமப்பவர்களின் நிலை தனி: 285 ஆஸ்திரேலியத் தீயணைப்பு வீரர்களிடம் நடத்தி 2022இல் வெளியான சோதனையில், ஓராண்டு முறையாகப் பிளாஸ்மா தானம் செய்தவர்களின் பி.எஃப்.ஓ.எஸ். அளவு தெளிவாகக் குறைந்தது. பித்தநீரில் வருவதைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும் கொலஸ்டைரமின் என்ற பழைய கொழுப்பு மருந்தும் இதற்குப் பயன்படுவது தெரிந்திருக்கிறது. இரண்டும் மருத்துவர் முடிவுசெய்ய வேண்டியவை. மற்ற எல்லோருக்கும் சமையலறை முதலில், குளியலறை போகிறபோக்கில், தண்ணீர் பரிசோதனைக்குப் பின், மாத்திரை கடைசியில் அல்லது ஒருபோதும் இல்லை.

எங்கே தொடங்குவது என்று இன்னும் தயங்குபவர்கள் அலமாரியைத் திறந்து, உட்புறம் நிறம் ஏறிய, கீறல் விழுந்த, மைக்ரோவேவில் வைத்து வைத்து ஓரம் நெளிந்துபோன டப்பா ஒன்றைத் தேடி எடுக்கலாம். அதை எறிய மனமில்லையென்றால் ஆணி, திருகு போட்டு வைக்கலாம். சூடான எதையும் இனி அதில் ஊற்றக் கூடாது, அவ்வளவுதான்.